நாற்பத்தொன்றாவது ரிவெட்

எழுபத்திரண்டு ரிவெட். எண்ணிப் பார்த்துவிட்டேன்.
எதையும் எதோடும் பிணைக்காத ரிவெட்டுகள்,
வெறும் தலைகள், பின்னால் பசை.
ஐம்பத்தேழில் அந்தக் காரின் மூக்கில்
அலுமினியத் தகட்டை இறுக்கிப் பிடித்தவற்றின் இடத்தில்
என் ஃபைபர்கிளாஸில் சும்மா உட்கார வேண்டியவை.

ஜீலோங்கில் ஜூலை மாதம்.
கராஜ் கதவின் கீழாக விரிகுடாக் காற்று நுழைகிறது,
பசை காய மறுக்கிறது.
முழங்காலில் நின்று நாற்பது ஒட்டியிருக்கிறேன்,
இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் நான்கு.

உள்ளே இருப்பது மாஸ்டா.
யாரோ யூகலிப்டஸ் மரத்தில் மோதிய சிவப்பு மாஸ்டாவின்
எஞ்சின், கியர்பெட்டி, பின்னச்சு,
இருக்கைத் தண்டவாளத்தில் சிக்கிக் கிடந்த
ஒற்றைக் காதுவளையம் உட்பட.
அதை எறியவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.

சனிக்கிழமை வாகீசன் வந்தான்.
சிலையில் வெடிப்புத் தேடுகிறவன் போல டார்ச் அடித்தான்.
"அக்கா, சிலுவைத் தலை ஆணி
அந்தப் பட்டறையில அப்ப இல்லை.
ஒற்றை வெட்டுத்தான். வெட்டெல்லாம் செங்குத்தா நிக்கவேணும்."
டாஷ்போர்டில் பதினெட்டு. மாற்றினேன்.
"கதவுக்கு வெளியில பிடி இல்லை."
கழற்றினேன்.
"சீட் பெல்ட்டும் இல்லை."
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சான்றிதழ் தரும் பொறியாளர்,
ஹென்னெசி அம்மையார், அளவுநாடாவோடு.
ஐம்பத்தேழைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.
மூன்றாவது பிரேக் விளக்கு எங்கே என்றார்.
அந்த முதுகின் வளைவில்
எதுவும் குறுக்கிடாத அந்த ஒரு கோட்டுக்காகத்தான்
இந்தக் காரையே தேர்ந்தேன் என்று சொல்ல
ஆங்கிலம் போதுமான அளவு இருந்தது.
முத்திரை அவர் கையில் இருந்தது.

பகலில் நான் பல் செய்கிறவள்.
பொய்ப் பல்லை எப்படி மெய்யாக்குவது என்று
பதினாறு வருடமாக மெழுகோடு வாதாடுகிறேன்.
அதிக வெள்ளை காட்டிக் கொடுத்துவிடும்.
வரிசை பிசகாமல் இருந்தாலும் காட்டிக் கொடுக்கும்.
ஈறின் ஓரம் ஒரு தேநீர் நிறம், மெல்லியதாக,
இரண்டாம் பல்லை மயிரிழை திருப்பி வை.

கஸ்டாக்கிஸ் என்றொரு கிழவர்,
மூடிப்போன கார் ஆலையில் கதவு பூட்டியவர்,
பழைய படம் ஒன்றை மேசையில் வைத்தார்.
முன்பல் இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து வேண்டுமாம்.
அது வழியாகத்தான் விசிலடிப்பாராம்.
கறையும் வைக்கட்டுமா என்றேன், படத்தில் இருப்பது போல.
நாக்கால் வெற்று ஈறைத் தடவி யோசித்தார்.
"வேண்டாம். சந்து என்னுடையது.
கறை சிகரெட்டுடையது."

நாற்பத்தொன்றாவது ரிவெட் உள்ளங்கையில் இருக்கிறது.
பட்டாணியைவிடச் சிறியது.
இது யாருடையது?
தகட்டுடையது. என்னிடம் தகடு இல்லை.
பெட்டியில் போட்டு மூடினேன்.
ஒட்டியதைப் பிய்த்தால் வண்ணமும் கூட வரும்,
ஆகவே நாற்பதும் அங்கேயே இருக்கும்.
பெட்ரோல் போடும் இடத்தில் யாராவது
அசலா என்று கேட்டால்
இடப்பக்கம் மட்டும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இலச்சினைக்கு விட்ட இரண்டு துளைகளை
என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.
மழை ஒழுகும். சூயிங்கம் வைத்திருக்கிறேன்.

முதுகை அறுத்தது நேற்று.
அறுக்குமுன் மூன்று முறை பென்சில் கோட்டை அழித்தேன்.
ஒரு விரல் நீளம், சிவப்பு.
ஓட்டுகிறவள் ஒருநாளும் பார்க்க முடியாத விளக்கு.
வாகீசனைக் கூப்பிட்டுப் பின்னால் நிற்கச் சொன்னேன்.
பெல்ட்டைப் பூட்டி, காலை வைத்தேன்.

"எரியுதா?"

மரண அறிவித்தல் வாசிக்கிறவன் குரலில்
"எரியுது" என்றான்.

இன்னொரு முறை மிதித்தேன்.